ரேகை வைக்க வந்தவள்

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், திண்டுக்கல்லில் காப்பீட்டு அட்டை போடும் அலுவலகத்துக்கு சோலைமுத்து வந்து சேர்ந்தான். செம்பட்டிக்குத் தெற்கே இருக்கும் தன் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். கையில் மஞ்சள் பை. அதில் ரேஷன் கார்டும், வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றும், மகளின் ஆதாரும் இருந்தன. அலுவலகம் பழைய கட்டடம். வெளியே கண் கூசும் வெயில் அடித்தாலும் உள்ளே நடைவழி இருண்டு கிடந்தது. பூஞ்சை பிடித்த காகிதக் கட்டுகளின் வாடை மூக்கில் ஏறியது.

மகள் தமிழ்நிலாவுக்கு ஆறு வயது. இருதயத்தில் ஓட்டை. மூன்று நாளாக உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அட்டை இருந்தால் அரசாங்கம் கட்டிவிடும். இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் வைக்க வேண்டும். கூலிக்கு மல்லிகை பறிக்கிறவன் லட்சத்துக்கு எங்கே போவான்?

அவனுக்கு முன்னால் நின்ற கிழவர், கார்டில் தலைவியாக இருந்த மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பன்னா முதல்ல பேரை மாத்திட்டு வாங்கய்யா. ஒரு மாசம் ஆகும்" என்று சொல்லி அனுப்பினாள் கவுண்டரில் இருந்த பாஸிலா. பாவம், அவள் மேல் என்ன குற்றம்? கம்ப்யூட்டர் கேட்பதை அவள் கேட்கிறாள்.

அடுத்தது சோலைமுத்து. கார்டை வாங்கிப் பார்த்தாள்.

"குடும்பத் தலைவி அறிவுச்செல்வி. உங்க வீட்டம்மாவாண்ணே?"

"ஆமா தாயி."

"அவங்கதான் ரேகை வைக்கணும். போட்டோவும் எடுக்கணும். வந்திருக்காங்களா?"

செல்வி செத்து எட்டு மாதம் ஆகிறது.

கார்டிலிருந்து அவள் பெயரை அவன் எடுக்கவில்லை. எடுத்தால் ஓர் ஆளுக்கான அரிசி குறையும், அப்படியே கிடக்கட்டும் என்று ஊரில் சொன்னார்கள். அவன் ஊரில் பாதிக் கார்டுகளில் செத்தவர்கள் இன்னும் அரிசி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை.

ஒரு மாதம் என்றால் பிள்ளை இருக்காது. ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். வாயில் வந்ததைச் சொன்னான்.

"வந்திருக்கா தாயி. வெளிய நிக்கிறா."

சொன்ன பிறகுதான் யோசித்தான். கூப்பிடு என்றால் யாரைக் கூப்பிடுவான்? அதற்குள் பாஸிலா அவன் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா. ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

பின்னால் காலடி கேட்டது. செருப்பில்லாத காலடி. சிமெண்டுத் தரையில் மெட்டி உரசும் சத்தம். பத்து வருஷம் அடுப்படியில் கேட்ட சத்தம், அவனுக்குத் தெரியாதா?

கூடவே மல்லிகை வாடை வந்தது. வெயிலில் கிடந்து அழுகிப்போன மாலையின் வாடை.

பக்கத்து நாற்காலி இழுபட்டது.

அவன் திரும்பவில்லை. கழுத்து மரத்துப்போயிருந்தது. எதிரே சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கை ஏங்க்கா இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் பாஸிலா. "விரல்ல மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க. தோட்டத்துலருந்து நேரா வந்துட்டீங்களா? நல்லாத் துடைங்க."

மெஷின் கத்தியது. ரேகை விழவில்லை. மறுபடி கத்தியது. மூன்றாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது.

"விழுந்திருச்சு. இப்ப கேமராவைப் பாருங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க."

அமைதி.

"அவ்வளவுதான்."

அமைதி.

"எடுத்தாச்சுக்கா. இப்பச் சிமிட்டலாம்."

பாஸிலா சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. மெட்டிச் சத்தம் நடைவழியில் போய்த் தேய்ந்தது. அவன் திரும்பியபோது காலி நாற்காலியில் ஒரு பிடி ஈரமண் கிடந்தது.

"சண்டையாண்ணே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள் பாஸிலா. "உங்களை ஒரு தடவகூட அவங்க பார்க்கலையே."

சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. கார்த்திகையில் செல்விக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மூன்று நாள் மூன்று தடவை கேட்டாள். முகூர்த்த நேரம், பூவுக்கு நல்ல விலை, கூலியும் கூடுதல். "ஓமத்தண்ணி குடி, முகூர்த்தம் முடியட்டும்" என்று அவன் சொன்னான். நான்காம் தடவை அவள் கேட்கவில்லை. குடல்வால் வெடித்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த மூன்று நாள் கூலி அவள் காரியத்துக்கே பற்றவில்லை.

அட்டை கைக்கு வந்தது. மறுநாளே ஆபரேஷன் நடந்தது. "பிழைச்சுக்கிட்டா" என்று டாக்டர் சொன்னபோது சோலைமுத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு, தனி அறைக்கு மாற்றியிருந்த மகளைப் பார்க்கப் போனான். வாசலில் நர்ஸ் தீபா வழிமறித்தாள்.

"ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம்ணே. அதான் அம்மா இருக்காங்கள்ல? ராவெல்லாம் பொட்டுத் தூங்காம உக்காந்திருக்காங்க. நீங்க வெளிய இருங்க."

கதவுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

தமிழ்நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு சிவந்திருந்தது. இந்த எட்டு மாதமும் அவன் கோணல்மாணலாகப் பின்னிவிட்ட தலை, இன்றைக்குப் படிய வாரி இரட்டைச் சடை போட்டிருந்தது. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. பிள்ளையின் சின்னக் கை மட்டும் மெத்தையில் படாமல், எதையோ பற்றிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

இந்தத் தடவை அவனுக்குப் பயம் வரவில்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம்தான் வந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்தான்.

"செல்வி" என்றான் மெதுவாக. "தப்பு என்னுதுதான். அன்னிக்கே உன்னையத் தூக்கிட்டு வந்திருக்கணும். ஒரே ஒரு தடவ இங்குட்டுப் பாரு."

நாற்காலி லேசாக அசைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெட்டிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. அவன் காத்திருந்தான்.

உள்ளேயிருந்து பச்சைத் திரை மெல்ல இழுத்து மூடப்பட்டது.