துடிப்புவெட்டு

மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் மேட்டுத் தெருவில் முக்கால்வாசிப் பேர் பாயில் சாய்ந்தார்கள். சோற்றைப் பாதியில் விட்டவர்கள்கூடக் கையைக் கழுவிவிட்டுப் படுத்தார்கள். நான்கு மணிவரை துடிப்புவெட்டு. அரசு இலவசமாகப் பொருத்திய இதயங்கள் அதுவரை பாதி வேகத்தில்தான் அடிக்கும்.

தெருமுனைக் கோபுரம் காற்றுவழியே அனுப்பும் மின்சாரத்தில் ஓடுபவை அந்த அரசிதயங்கள். ஓட்டுக்காகப் பொருத்தினார்கள், பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் மின்சாரத்தில் கை வைத்தார்கள். அமைச்சர் குடியிருக்கும் தெருவில் மட்டும் வெட்டு கிடையாது. அவர் எந்தத் தெருவுக்கு வருகிறாரோ, அங்கேயும் அன்றைக்குக் கிடையாது. இதையெல்லாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா!

அந்தத் தெருவில் திலகவதியின் வீட்டிலும் ஓர் அரசிதயம் இருந்தது. கணவர் ஏகாம்பரத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக் கடும் காய்ச்சல். இன்றைய வெட்டைத் தாண்டியதே பெரும்பாடு. "இன்னொரு தடவ துடிப்பு கொறைஞ்சா தாங்கமாட்டாரும்மா" என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். துடிப்பு வாரியத்துக்கு ஓடினாள்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் வெட்டை எடுக்க முடியாதும்மா. கோபுரம் தெருவுக்கே பொது," என்றார் அதிகாரி.

"அப்ப தெருவுக்கே எடுத்துடுங்க சார்."

"அதுக்கு அமைச்சர் வரணும். ஒங்க தெருவுல அப்படி என்னம்மா விசேஷம், அவரு வர்றதுக்கு?"

மறுநாளும் சங்கு ஊதியது. திலகவதி கணவரின் நெஞ்சில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் தண்ணி குடு, திலகம்" என்றார். குடித்தார். துடிப்பு மெல்ல இளைத்து, நின்றேபோனது. நான்கு மணிக்குத் தெரு முழுக்க நெஞ்சுகள் வேகம் பிடித்தன, அவருடையது பிடிக்கவில்லை. பாவி மனுஷி, அப்போதும் கையை எடுக்கவில்லை.

வெட்டில் ஒரு சாவு என்று செய்திகள் அலறின. தெருவுக்கு விசேஷம் கிடைத்துவிட்டது! விடிவதற்குள் தார் போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். மதியம் அமைச்சர் மாலையும் நிவாரணக் காசோலையுமாக இழவு வீட்டுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று சங்கு ஊதவில்லை.

கார் நகர்ந்ததும் எதிர்வீட்டுக் குணசுந்தரி வந்து திலகவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா புண்ணியத்துல இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு இந்நேரத்துக்கு எழுந்து நடமாடுறாருக்கா." அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பதினாறாம் நாள் காரியத்துக்கும் அமைச்சரக் கூப்பிட்டுருங்கக்கா."

சுற்றி நின்ற தெரு முழுக்க, ஆமாம் என்று தலையாட்டியது.