பச்சூரில் இறங்காதவன்

“கொஞ்சம் வெச்சிக்கங்க...”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் மடியில் பையை வைத்துவிட்டாள் இளவரசி. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏற்காட்டு மலையில், நாகலூர் பஸ்ஸில் ஏறிப் பழகிய கை அது. அங்கே நிற்பவர் பையெல்லாம் உட்கார்ந்திருப்பவர் மடிக்குத்தான் போகும்.

ஆனால் இது பஸ்ஸா என்ன? ஜோலார்பேட்டையில் கிளம்பிய பாசஞ்சர் ரயில். அடுத்த ஸ்டேஷனில் ஒரு கல்யாணக் கூட்டமே ஏறித் தள்ளியதில், பெட்டியின் மறுகோடிக்கே போய்விட்டாள். பைக்குள் அவளுடைய நர்சிங் சர்ட்டிபிகேட் அத்தனையும் இருந்தன... ஆந்திர எல்லையிலுள்ள குப்பத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குள் அவற்றைக் காட்டினால்தான் வேலை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து அம்மா படிக்க வைத்த படிப்பு.

பச்சூரில் கூட்டம் இறங்கியது. ரயில் நகர்ந்த பிறகுதான் அவளால் அந்த ஜன்னலை எட்ட முடிந்தது. இருக்கை காலி. குனிந்து இருக்கைக்கு அடியில் தேடினாள்.

“உங்க பைங்களா?”

பின்னால் அந்த ஜன்னலோரத்து ஆள் நின்றிருந்தான். நெஞ்சோடு அணைத்தபடி அவள் பை.

“ஏனுங்க, பையைத் தூக்கிட்டு எங்கீங்க போனீங்க? பார்த்தா படிச்சவராட்டம் இருக்கீங்க...”

“உங்களைத் தேடித்தானுங்க. யாரு பைன்னு கேட்டா, நாலு பேரு எங்கதுங்கறாங்க.”

அதற்குள் அவன் போன் அலறியது. “எங்க சாமி இருக்கே? பச்சூர் வந்துட்டியா? பொண்ணு ஊட்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க கோபி...” அவன் அம்மாவின் குரல் அவளுக்கே கேட்டது. அவன் சட்டென்று போனை அணைத்தான்.

பெண் பார்க்கப் போகிறவன்... இவள் பைக்காக ஊரையே தவறவிட்டிருக்கிறான். திட்டிய வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

“சீட்லயே வெச்சுட்டு இறங்கியிருக்கலாமில்லீங்க?”

“நம்பிக் குடுத்தீங்களே... எப்படிங்க வெச்சுட்டுப் போறது?”

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். தூக்கம் கெட்ட, சிரிக்கத் தெரிந்த கண்கள். ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வேலையாம். ஜன்னலுக்கு வெளியே தூறல் பிடித்தது. குப்பம் வரும்வரை இருவரும் நாகலூர் பஸ்ஸைப் பற்றியே பேசினார்கள். அவளுக்குப் பேச்சில் பாதி மனதில் ஏறவேயில்லை.

பிளாட்பாரத்தில் பையை வாங்கிக்கொண்டாள். மனசு வலிக்க வலிக்க, அவளே சொன்னாள்.

“அடுத்த ரயிலுக்குத் திரும்பிடுங்க. பாவம், அங்க ஒரு பொண்ணு தலை சீவிப் பூ வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க...”

அவன் அம்மாவுக்கு போன் போட்டான்.

“அம்மா, அந்தப் புள்ளைய இனி காக்க வெக்காதீங்க. எனக்கு வேற ஒருத்தங்களைப் புடிச்சுப் போச்சு. நானே வந்து அவங்க ஊட்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

இளவரசிக்குக் காதெல்லாம் சுட்டது.

“ஒரு மணி நேரங்கூட ஆகலீங்களே...”

“ஆமாங்க. அதுக்காக மனசுல உங்களை வெச்சுக்கிட்டு அங்க போயி பஜ்ஜி திங்க முடியுமா? நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா சொல்லாம போக முடியலீங்க.”

கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. அவள் ஸ்டேஷன் வாசலைப் பார்த்து நடந்தாள். பத்தடி... பதினைந்தடி... மழைக்குள் நின்று திரும்பினாள்.

“ஞாயித்துக்கிழமை நாகலூர் ஊட்ல அப்பாவும் அம்மாவும் இருப்பாங்க. வந்து கேளுங்க.” குரல் இறங்கியது. “எனக்கு... நொம்பப் புடிச்சிருக்குங்க.”