இரண்டு விரற்கடை

இரண்டு விரற்கடை அறுத்த பிறகும் அந்த கோல்ஃப் மட்டையின் நுனி அவன் விலாவில்தான் வந்து இடித்தது. பக்கத்தில் நிறுத்தினால் இடுப்பெலும்போடு நிற்க வேண்டும். பழைய மட்டைகளைச் சீர்செய்து ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொடுத்த இருபது வருடத்தில் அவன் இன்ச் டேப்பைத் தொட்டதே இல்லை, உடம்புதான் அளவு.

செத்துப்போன அண்ணனின் பழைய மரத்தண்டு மட்டை அது. "இருந்தவரைக்கும் யாரையும் தொட விடல. உங்களுக்கு நீளம்தான், அதுக்காக வெட்டிடாதீங்க" என்று சொல்லித்தான் அண்ணி கொடுத்தாள். வெட்டாமல்? அண்ணன் ஆறடி. இவன் ஐந்தே கால். வீட்டிலிருக்கும் அத்தனை போட்டோக்களிலும் இவன் தலைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அண்ணன் பல்லைக் காட்டுகிறான். 'குட்டை' என்று பேர் வைத்தவனும் அவனே. ஐம்பது வயதிலும் வயிறு எரிந்தது. அவனுடைய ஒரு பொருளாவது என் உயரத்துக்கு இறங்கி வரட்டும்.

மனைவி வந்து தடுப்பாள் என்று ஷெட்டின் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் வேலையில் இறங்கியிருந்தான். மதிய வெயில் தகரக்கூரையைச் சுட்டது. அரக்கும் ஆளிவிதை எண்ணெயும், உரித்துப்போட்ட பிடித்தோலில் இத்தனை வருடம் ஊறிக்கிடந்த அண்ணனின் வியர்வையும் கலந்து மூக்கில் ஏற, மரம் சிலும்பாமலிருக்க ஒட்டுநாடாவைச் சுற்றி, மேசையில் பூட்டிய வைஸின் இரும்புத் தாடைக்குள் இறுக்கி, இன்னும் இரண்டு விரற்கடை அறுத்தான். துண்டு உருண்டு ஓடியது. நிறுத்திப் பார்த்தான்.

விலா.

"கொழுப்பப் பாரு." பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அறுத்தான். மறுபடியும்.

"என்னங்க, சாப்பிட வரலையா?" வெளியே மனைவி.

"இத முடிக்காம வரமாட்டேன்."

ஏழாவது துண்டு விழுந்தபோது பேன்ட் காலில் மிதிபட்டுத் தடுக்கியது. சட்டைக் கை விரல்களை மூடியிருந்தது. இடுப்பளவு வைஸ், நெஞ்சுக்கு நேராக நின்றது. முதன்முறையாக டேப்பை எடுத்து மட்டையை அளந்தான். குறைந்துதான் இருந்தது. பதினான்கு விரற்கடை. பிசகே இல்லை.

மட்டை விலாவை விட்டு இறங்காதது ஏன் என்று அப்போது புரிந்தது.

மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே எக்கினான். தாழ்ப்பாளுக்கும் விரல் நுனிக்கும் நடுவில் ஒரு சாண்.

"ஏங்க? உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? கதவத் தெறங்க."

"எட்டல" என்றான். அழுகை வந்தது.

தலைமேல் ஏதோ அமர்ந்தது. கனமாக. பழகிய கனம். ஒரு முழங்கை.

"அண்ணா, போதும்ணா."

பின்னால் வைஸ் கிறீச்சென்று இறுகியது. ரம்பம் மரத்தில் நிதானமாக ஏறி இறங்கியது. துண்டு விழுந்தது.

தாழ்ப்பாள் இன்னும் இரண்டு விரற்கடை மேலே போனது.