பெரியப்பாவின் ட்ரெய்லரில் பகல் சாப்பாடு

இந்தக் கதையில் நான் சிலவற்றைத் தவறாகச் சொல்லக்கூடும். ட்ரெய்லரின் ஓரத்தில் ஓடிய கோடு நீலமா, பச்சையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்த வீட்டு மகள் நிலாணியைக் கேட்டால் நீலம் என்கிறாள். அவளுடைய அம்மா பச்சை என்கிறார். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. ஆனால் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அதை அந்த வீட்டில் யாருமே மறக்கவில்லை.

அப்போது நிலாணிக்குப் பத்து வயது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் அவர்கள் வீட்டு ட்ரைவ்வேக்குள் ஒரு ட்ரெய்லர் பின்பக்கமாக மெல்ல மெல்ல நுழைந்தது. அதற்குள் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, குட்டிக் குளியலறைகூட இருந்தது. ஒரு பழைய பிக்கப் வண்டி அதை வினிபெக்கிலிருந்து மூன்று நாட்களாக இழுத்து வந்திருந்தது.

வண்டியை ஓட்டி வந்தவர் மாமாங்கம் பெரியப்பா. பக்கத்தில் கோணேஸ்வரி பெரியம்மா. மொன்றியலில் இருக்கும் அவர்களுடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கப் போகும் வழியில் இரண்டு நாள் தம்பி வீட்டில் நிற்பதாக ஏற்பாடு.

ஏற்பாடு செய்தவர்கள் பெரியம்மாவும் அம்மாவும். அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது.

அம்மா அன்று வேலைக்கு லீவு போட்டுச் சமைத்திருந்தார். கணவாய்க் கறி, இறால் பொரியல், பிட்டு, சொதி. நிலாணி தன் அறையை விருந்தாளிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அலுமாரியில் இரண்டு தட்டு காலி செய்து, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டிருந்தாள்.

"வாங்கோ அத்தான், உள்ளுக்கு வாங்கோ," என்றார் அம்மா.

பெரியப்பா வாசலைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார்.

"கால் விறைச்சுப் போச்சு. இஞ்சயே கொஞ்சம் இருக்கிறன்."

அவர் ட்ரெய்லரின் பக்கத்தில் இருந்த ஒரு பிடியைச் சுழற்றினார். துணிக்கூரை ஒன்று குடைபோல விரிந்தது. அதன் கீழே இரண்டு மடக்குக் கதிரைகளைப் போட்டு ஒன்றில் அமர்ந்தார். அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

"இப்பதான் குடிச்சனான்," என்றார் பெரியப்பா.

தேநீர் கதிரையின் காலடியில் ஆறிப்போனது.

அப்பா வாசற்படியில் நின்றார். அவருடைய பெயர் ஜெயந்தன். வேலை இடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர் என்று பெயர் எடுத்தவர்.

"வாங்க அண்ணன்," என்றார்.

"ம்," என்றார் பெரியப்பா.

ஏழு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அரை மணித்தியாலம் கழித்துப் பெரியப்பா துணிக்கூரைக்குக் கீழே காஸ் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வைத்தார். வீட்டுக்குள்ளே மேசையில் ஐந்து சாப்பாட்டுத் தட்டுகள் கவிழ்த்தபடி இருந்தன.

"தெருவே பாக்குது," என்றார் அம்மா, மெல்லிய குரலில். "வீட்டு வாசலில அடுப்பு மூட்டுறார்."

"விடு," என்றார் அப்பா. "வந்தவர் போகட்டும்."

மறுநாள் சனிக்கிழமை பெரியம்மா மட்டும் வீட்டுக்குள் வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். புது விரிப்பைத் தடவிப் பார்த்து, "நல்ல வடிவு," என்றார். நிலாணி அவருக்கு ஒரு தட்டில் பிட்டும் கறியும் எடுத்து வந்தாள்.

"எனக்கு இண்டைக்கு விரதம் புள்ள."

"நேற்றும் விரதம் எண்டு சொன்னீங்கள்."

"நேற்று வெள்ளி விரதம். இண்டைக்குச் சனி விரதம்."

"அப்ப நாளைக்கு ஞாயிறு?"

"அதுக்கும் ஒண்டு கண்டுபிடிக்க வேணும்," என்றார் பெரியம்மா.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் கருவாடு பொரிக்கும் வாசம் வந்தது. நிலாணி ஜன்னலைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள்.

"விரதத்துக்குக் கருவாடா பெரியம்மா?"

பெரியம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவருடைய முகம் மிகவும் களைத்துப் போனது. கட்டிலில் அமர்ந்து நிலாணியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"உங்கட அப்பா இந்த வீடு வாங்கினதும் குடிபூரல் வைச்சவர். பால் காய்ச்சுற அண்டைக்குச் சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிடுறது வழக்கம். சொந்த அண்ணனை எப்பிடிக் கூப்பிடோணும்? போன் எடுத்து, 'அண்ணன், நீங்கதான் முன்னுக்கு நிண்டு நடத்தோணும்' எண்டு சொல்லோணும். உங்கட அப்பா வாட்ஸ்அப்பில ஒரு அட்டை அனுப்பினார். இருநூறு பேருக்கு ஒரே அட்டை. அதில பெரியப்பாவும் ஒராள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். 'அந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டன்' எண்டு பெரியப்பா சொல்லிப்போட்டார்."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. நிலாணிக்கு அது தெரியும். ஆனால் ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி ஏழு வருடம் அதைக் காப்பாற்றுவார் என்று தெரியாது.

"பட், அப்பா அப்ப டபுள் ஷிப்ட் செய்தவர். நித்திரைக்கே நேரம் இல்லையாம். அம்மா சொன்னவ."

"தெரியும் புள்ள. பெரியப்பாவுக்கும் தெரியும்."

"தெரிஞ்சால் பிறகு ஏன்?"

பெரியம்மா விரிப்பில் இல்லாத ஒரு மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே பெரும் பாடு," என்றார் பெரியம்மா கடைசியில். "'வாறன், ஆனா என்ட வீட்டையும் இழுத்துக்கொண்டுதான் வருவன்' எண்டு நிண்டார். கண்ணும் இப்ப முந்தி மாதிரி இல்ல. இதுதான் கடைசித் தூரப் பயணம். இனி அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் எங்க பாக்கிறது?"

கருவாட்டு வாசம் தெருவைக் கடந்து போயிருக்க வேண்டும். எதிர்வீட்டு மிஸ்டர் கார்ல் நாயுடன் வந்து நின்றார். இங்கே என்ன உணவு விற்கிறீர்கள், விலைப்பட்டியல் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ட்ரெய்லரை அவர் சாப்பாட்டு வண்டி என்று நினைத்துவிட்டார்.

பெரியப்பா கதிரையைக் காட்டி, "இருங்கள்," என்றார். காகிதத் தட்டில் சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் போட்டுக் கொடுத்தார். மிஸ்டர் கார்ல் இரண்டு வாய் சாப்பிட்டதும் அவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓடியது. நாய் அவரைக் கவலையோடு பார்த்தது. இருந்தாலும் அவர் விடவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுப் பிரமாதம் என்றார்.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் நிலாணி கவனித்தாள். அது அப்பாவின் சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் தொடையைத் தட்டி, அப்படியே அப்பாவேதான்.

குசினி ஜன்னலில் அப்பா நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினார்.

நிலாணிக்கு ஒரு யோசனை வந்தது. பெரியப்பா உள்ளே வந்து சாப்பிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வெளியே போய்ச் சாப்பிட மாட்டேன் என்று எப்போதும் சொன்னதில்லையே!

அன்று பின்னேரம் அவள் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நாளைக்கு நாங்கள் எல்லாரும் பெரியப்பாவின்ட ட்ரெய்லரில போய்ச் சாப்பிடுவமா?"

"என்னது? என்ட ட்ரைவ்வேயில நானே போய் விருந்தாளியா இருக்கிறதோ?"

"மிஸ்டர் கார்ல் இருந்தவர்தானே?"

"அவரை இருக்கச் சொன்னவர். என்னை ஆர் கூப்பிட்டது?"

சொன்னதும் அப்பா நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல இருந்தது. இருவரும் அணைந்திருந்த டிவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை. மூன்று மணிக்குப் பெரியப்பா புறப்படுவதாக இருந்தது. அவர் துணிக்கூரைக்குக் கீழே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிலாணி போய் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுங்க."

கத்தி நின்றது.

"உன்ட அப்பா சொல்லி விட்டவனோ?"

"இல்ல. நானாத்தான் வந்தனான்."

பெரியப்பா மீண்டும் வெட்டினார். ஒரு வெங்காயம் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. நிலாணி அசையவில்லை.

"சரி," என்றார் பெரியப்பா, தலை நிமிராமல். "எத்தினை பேருக்குச் சோறு வைக்கிறது எண்டு உள்ளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வா."

"மாட்டன்."

"என்ன?"

"நான் போய்ச் சொன்னா அதுவும் மெசேஜ் மாதிரித்தானே பெரியப்பா? அதுக்குத்தானே நீங்கள் கோவிச்சனீங்கள்?"

ட்ரெய்லருக்குள் பெரியம்மா கரண்டியை வைத்துவிட்டு அசையாமல் நின்றார். நிலாணி பெரியவர்களிடம் இப்படிப் பேசியதில்லை.

பெரியப்பா அவளை உற்றுப் பார்த்தார். கோபமா, வெங்காயமா தெரியவில்லை, அவருடைய கண்கள் சிவந்திருந்தன. கையைத் துடைத்தார். எழுந்தார். வீட்டு வாசல்வரை பதினொரு அடி நடந்தார். நிலாணி எண்ணிக்கொண்டே வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்று மணியை அழுத்தினார்.

அப்பா கதவைத் திறந்தார்.

"ஜெயந்தா," என்றார் பெரியப்பா. தொண்டையைச் செருமினார். "பகலைக்குச் சாப்பிட வாங்க. எல்லாரும் வாங்க."

"ஓம் அண்ணன்," என்றார் அப்பா.

ட்ரெய்லருக்குள் இருந்த மேசை மூன்று பேருக்கானது. ஐந்து பேர் அதைச் சுற்றி நெருக்கியடித்து அமர்ந்தார்கள். அப்பாவின் முழங்கை பெரியப்பாவின் விலாவில் இடித்தது. பெரியப்பா நகரவில்லை. நகர இடமும் இல்லை.

அம்மா தன் கணவாய்க் கறியைச் சூடாக்கி ஒரு சட்டியில் கொண்டுவந்திருந்தார். பெரியப்பா அதை இரு கைகளாலும் வாங்கினார். மூடியைச் சரியாக மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்தார். அம்மா குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

பெரியப்பா தன் பயணத்தைப் பற்றிச் சொன்னார். வழியில் ஒரு மூஸ் மான் ரோட்டின் நடுவில் நின்றதாம். இருபது நிமிடம் அசையவில்லையாம்.

"ஹோர்ன் அடிக்கேல்லையா அண்ணன்?" என்று அப்பா கேட்டார்.

"அடிச்சனான். அது திரும்பிப் பாத்திட்டு அப்பிடியே நிண்டிட்டுது."

"எங்கட பரம்பரையாத்தான் இருக்கோணும்."

பெரியப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பிறகு அப்பாவின் தட்டில் இன்னொரு அகப்பைச் சோறு போட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் ட்ரெய்லருக்கு வெளியே நின்று கை கழுவினார்கள்.

"நான் அண்டைக்குப் போன் எடுத்திருக்கோணும்," என்றார் அப்பா.

"ஓம். எடுத்திருக்கோணும்."

"இனியாவது உள்ளுக்கு ஒருக்கா வாங்களன். ஒரு தேத்தண்ணி."

பெரியப்பா வாசலைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. அப்பா காத்திருந்தார். நிலாணியும் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடம் வந்ததில்லை.

"சொன்னது சொன்னதுதான்டா," என்றார் பெரியப்பா. போய்த் துணிக்கூரையைச் சுருட்டத் தொடங்கினார். அப்பா ஒரு கணம் நின்றுவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

அம்மா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பெரியம்மா பின்னாலேயே போனார். நிலாணி போய்ப் பார்த்தபோது, பெரியம்மா குசினியில் நின்றபடியே சட்டியைத் திறந்து கணவாய்த் துண்டுகளை விரலால் எடுத்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா! சத்தியம்?"

"அது அவர் செய்தது. என்ட வாயால நான் ஒண்டும் சொல்லேல்ல," என்றார் பெரியம்மா, வாய் நிறையக் கறியுடன். "ஏழு வருசமா நானும் ஏன் பட்டினி கிடந்தன் எண்டு எனக்கே விளங்கேல்ல."

அம்மா ஒரு தட்டில் பிட்டை வைத்து அவர் முன்னால் தள்ளினார். பெரியம்மா அதையும் சாப்பிட்டார். மூன்று மணிக்கு ட்ரெய்லர் புறப்பட்டது.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அடுத்த குளிர்காலத்தில் பெரியப்பாவின் கண்பார்வை குறைந்ததால் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ட்ரெய்லர் விற்கப்பட்டது. பெரியம்மா பேரக்குழந்தையைப் பார்க்க மொன்றியலிலேயே தங்கிவிட்டார். மருமகன் வீட்டில் போய் இருக்க மாட்டேன் என்று பெரியப்பா வினிபெக்கில் தனியாக இருக்கிறார். அப்பா வருடத்தில் ஒரு முறை அங்கே போய் நான்கு நாள் நின்றுவிட்டு வருகிறார். அம்மா ஒரு முறையும் போகவில்லை. நிலாணி ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாள். பெரியப்பா இன்றுவரை அவர்கள் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை.