பச்சைக்குக் கிழக்கு, பழுப்புக்கு மேற்கு

காலையில் முதல் வேலை தவளை பொறுக்குவது. ஆற்றின் கிழக்குக் கரைக் கோரையில் பழுப்புத் தவளை கிடைத்தால் மேற்கே கொண்டுபோய் விடவேண்டும். மேற்கே பச்சை கிடைத்தால் கிழக்கே. கானா நாட்டு மழைக்காட்டில், படித்த படிப்புக்கு எனக்கு வாய்த்த திருப்பணி இது.

இப்போது உலகம் முழுக்க ஒரே சட்டம். உயிரினப் பதிவகத்தில் தனக்கென ஓர் இனம் வைத்திருந்தால்தான் காடு காடு. இல்லாவிட்டால் யாரும் வெட்டிக்கொள்ளலாம். இங்கே கிழக்குக் காட்டின் பேரில் பச்சை, மேற்குக் காட்டின் பேரில் பழுப்பு. வரைபடக் கோட்டைத் தாண்டும் உயிர் செய்வது 'பரவல் மீறல்'. பாலத்தில் மோப்பப்பொறி காவல் இருக்கிறது.

அன்று மேற்கே பழுப்புகள் தொண்டை புடைக்கக் கத்திக்கொண்டிருந்தன. இலைகளில் முட்டை ஒன்றுகூட இல்லை. சந்தேகப்பட்டு இரண்டு நிறத்தையும் மரபணுவாசிப்பானில் வைத்தேன். ஒரே இனம்! பழுப்பு ஆண், பச்சை பெண். எந்தப் புண்ணியவானோ ஆணுக்கொரு பெயர், பெண்ணுக்கொரு பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறான். நான் தினமும் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

வட்டார அதிகாரி வில்வநாதனிடம் ஓடினேன். வாழைக்காய் வறுவல் கொறித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியும், பவளம்."

"தெரிஞ்சுமா சார்?"

"ஒரே இனம்னு எழுதினா ஒரு காடு போயிடும். எதை வெட்டலாம், நீயே சொல்லு."

"கிழக்கே ஒரே ஒரு பச்சைதான் சார் மிச்சம். அதுவும் செத்தா இனமே போச்சு."

"போகட்டுமே. பதிவுல பேர் இருந்தா போதும். உயிரோட இருக்கணும்னு சட்டத்துல எங்கம்மா இருக்கு?" விரலை நக்கினார். "கத்தலும் நிக்கும். நிம்மதி."

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் அந்தப் பச்சையைத் தேடிப் பிடித்தேன். மோப்பப்பொறி பை, சட்டை, தலைமுடி எல்லாம் பார்க்கும். வாயைத் திறக்கச் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டேன். ஒரே கசப்பு. நாக்கின் மேல் சில்லென்று துடித்தது.

பொறி என்னை விட்டுவிட்டது. ஆனால் பாலத்து முனையில் வில்வநாதன் நின்றிருந்தார்.

"என்ன பவளம், கோபமா? வாயைத் திறந்து பேசேன்."

இல்லையென்று தலையாட்டினேன்.

"சமர்த்து. இப்படியே வாயை மூடிக்கிட்டு இரு, முன்னுக்கு வருவே" என்று தோளில் தட்டினார்.

மேற்குக் கரையில் ஒரு கோரை இலையில் அதை மெதுவாக இறக்கிவிட்டேன். முன்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பக்கத்திலேயே ஒரு பழுப்பு கத்த ஆரம்பித்தது. நாளைக் காலை இந்தக் கோரைப் பக்கம் எனக்குக் கண் தெரியாது.

பாலத்தைத் திரும்பிப் பார்த்துக் காறித் துப்பினேன். தவளைக் கசப்புக்காக இல்லை.