இரவல் வாளிகள்

பஞ்சு மில்லின் சுவரில் தொங்கிய பன்னிரண்டு சிவப்பு வாளிகளில் கடைசி வாளி மட்டும் ஆடியது. காற்றே இல்லை.

1946, மாசி பன்னிரண்டு, பொழுது சாயும் நேரம். எலிதான் என்று முடிவு கட்டினார் குன்னத்து மில் முதலாளி இராமலிங்கம். சட்டத்தையே எலியாக நினைத்தவர் அவர்.

வாளிகள் அவருடையவை அல்ல. தீயணைக்க மணல் வாளி வேண்டும், பின்கதவு திறந்திருக்க வேண்டும் என்று பார்க்க ஆண்டுக்கொருமுறை அதிகாரி வருவார். அதற்குள் பூலாம்பாடியில் மில் வைத்திருந்த மச்சானிடமிருந்து வாளிகள் மாட்டுவண்டியேறி வந்துவிடும். அடியில் உமி, மேலே ஒரு பிடி மணல். அதிகாரியும் மேலே மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவார். போன மாதம் திருப்பி அனுப்ப முதலாளிக்குச் சோம்பல். அந்த வாரமே பூலாம்பாடி மில் எரிந்தது. பூட்டிய பின்கதவருகே நான்கு பெண்கள் கருகிக் கிடந்தார்கள். கதவுப் பலகையில் அவர்களுடைய நகங்கள்.

"அவளுவ விதி" என்றார். வாளிகளை வைத்துக்கொண்டார்.

இன்று வேலை விட்டதும் மில்லில் கூலி வேலை செய்யும் காத்தாயி கேட்டாள்: "பின்கதவையாவது தொறந்து வுடுங்க முதலாளி."

"தொறந்தா ஒங்க மடியில பஞ்சு போவும்."

"தெனமும் மடிய ஒதறிக் காட்டிட்டுத்தானே போறோம்? இன்னுமா நம்பல?"

"மகாராணி பேசுறா பாரு! போடி."

அவள் போனதும் பின்கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, முன்வாசல் வழியே உள்ளே வந்தார். அரிக்கேன் விளக்கைப் பஞ்சுக் குவியல்மேலேயே வைத்தார். அவர் மில், யார் கேட்பது?

எண்ணெய்ப் பிசுக்குக்கும் பருத்திக்கொட்டை நெடிக்கும் அடியிலிருந்து, தலைமயிர் கருகுவது போன்ற வாடை மெல்லக் கிளம்பி, மூக்கிலேறி, தொண்டையில் உட்கார்ந்தது. வாளிகளின் கைப்பிடிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. முன்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

"எவடி அது?"

பின்னால் விளக்குச் சாய்ந்தது. பஞ்சு புகைந்தது.

பாய்ந்து ஒரு வாளியைக் கவிழ்த்தார். உமி. தீ குதித்தது.

பின்கதவுக்கு ஓடினார். சாவி கையில். துழாவினார். பலகை. வெறும் பலகை. பூட்டு அந்தப் பக்கம்.

"காத்தாயி! தாயீ!"

வளையல் சத்தம். வெளியே அல்ல.

திரும்பினார்.

சுவரில் வாளி இல்லை. புகைக்குள் வாளிகள் கைமாறி, கைமாறி, அவரை நோக்கி வந்தன. அவசரமே இல்லாமல். முதல் வாளி அவர் முகத்துக்கு நேரே நின்றது. நிறையச் சாம்பல்.

கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்களில் நகங்கள் இல்லை.