பூட்டிய மருந்துப் பெட்டி

“என் புருஷனை நானே கொன்னுட்டேனாம். நாளைக்குக் காலையில போலீஸ் வந்து கூட்டிட்டுப் போகுமாம்” என்றபடி அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் அவன் சேர்ந்த பிறகு வந்ததெல்லாம் காணாமல்போன ஸ்கூட்டர்கள்தான். அக்கா அசையாமல், “முதல்லேருந்து சொல்லுங்கம்மா” என்றாள்.

அவள் கணவரைத் தெருவில் பெரிய டெய்லர் என்பார்கள். அவருடன் பிறந்த இளையவர், அவள் கொழுந்தன், சின்ன டெய்லர். ஒரே கடை, இருவருக்கும் ஒரே மூட்டு வீக்கம்.

“கொழுந்தனுக்கு வேற டாக்டர், வேற மாத்திரை. நல்லாக் கேட்டுச்சு. இவருக்குத்தான் ஊசியைக்கூடப் பிடிக்க முடியல. வீக்கத்துக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, வயித்தைக் காப்பாத்த ஒண்ணுன்னு சேர்த்துக் குடுத்தாங்க. இன்னும் ஒண்ணு குடுன்னு கெஞ்சுவார். வயிறு புண்ணாயிடும்னு டாக்டர் சொன்னதால பெட்டியில வச்சுப் பூட்டி, சாவியைக் கழுத்துல போட்டுக்கிட்டேன்.”

ஒரு மதியம் கடையிலேயே ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: வயிறு புண்ணாகிக் கிழிந்திருந்தது. வீக்க மருந்து அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தது. சாவி மனைவியிடம். புகார் கொடுத்தவர் சின்ன டெய்லர்.

“கொழுந்தன்தான் அக்கா! கடை முழுசா அவருக்குத்தானே?” என்றான் தம்பி, படியிறங்கும்போதே.

“உன் வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கணும்டா.”

குறுகலான கடை. இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சுவரெல்லாம் விதவிதமான சட்டைகள் தொங்க, சின்ன டெய்லர் பொத்தானே இல்லாத பனியன் போட்டிருந்தார். டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கிக் குடித்தார்.

அக்கா ஒரு கறுப்புக் கோட்டின் பொத்தான் காஜாக்களை விரலால் தடவிப் பார்த்தாள். எறும்பு வரிசை போல நெருக்கமான கைத்தையல். “யார் போட்டது?”

“அண்ணன். போன வாரம் போட்டான்.” அவர் கண் கலங்கியது. “அந்தக் கையைக் கொன்னுட்டாளே பாவி!”

மேசை இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருந்த தம்பியிடம் அக்கா கேட்டாள்: “விஷ பாட்டில் கிடைச்சுதா துரைக்கு?”

“நூல்கண்டுதான் அக்கா” என்றான் அவன், முகம் சுருங்கி.

அக்கா எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போய் நெடுநேரம் பேசினாள்; அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்ப் பெட்டியைத் திறந்து மாத்திரைகளை எண்ணிவிட்டு வந்தாள். பிறகு அந்தப் பெண்ணையும் கடைக்கு வரவழைத்தாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஊசி பிடிக்க முடியாதவர் போன வாரம் இத்தனை காஜா போட்டிருக்கார்” என்றாள் அக்கா. “வீட்டுப் பெட்டியில டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல ஒரு மாத்திரைகூடக் குறையல, நான் பார்த்துட்டேன். அப்போ கூடுதல் மருந்து வேற இடத்துலேருந்து வந்திருக்கணும். இன்னொரு பக்கம், நல்லா இருந்த ஒருத்தர் இப்போ பொத்தான் போட முடியாம, கிளாஸைப் பிடிக்க முடியாம இருக்கார்.” அவள் குரல் தணிந்தது. “நீங்க உங்க மாத்திரையைச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுண்ணே?”

சின்ன டெய்லர் மூடியிருந்த தையல் இயந்திரத்தைப் பார்த்தார்.

“அண்ணனுக்கு… வலி தாங்கலை. ஆர்டர் வேற நிக்குது. வேற மாத்திரைதானேன்னு… அதோட இதையும் சேர்த்தா சீக்கிரம் கேட்கும்னு…”

“வேற வேற வகையைச் சேர்க்கலாம். டாக்டரே சேர்த்துத்தான் குடுத்தார். ஆனா நீங்க குடுத்தது வேற வகை இல்ல, அதுவும் வீக்க மருந்துதான். நிறம் வேற, பேர் வேற. வேலை ஒண்ணு, வயித்தை அரிக்கிறதும் ஒண்ணு. ஒரே மருந்தை ரெட்டிப்பாச் சாப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு.”

தம்பிக்கு அக்காவின் கண்டுபிடிப்பில் கைதட்ட வேண்டும் போலிருக்கும் எப்போதும். இன்று கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சின்ன டெய்லர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் பங்கையெல்லாம் அவனுக்கே குடுத்தேனே. எனக்கு வலிச்சாலும் பரவாயில்லைன்னு குடுத்தேனே.” பிறகு, “ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். அண்ணி மேல தப்பில்லைன்னு நானே சொல்றேன்” என்றார்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் திட்டப்போகிறாள் என்று தம்பி நினைத்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

அவள் கேட்டது ஒன்றுதான். “அவருக்கு வலி குறைஞ்சுதா?”

“குறைஞ்சுது அண்ணி. விசிலடிச்சுக்கிட்டே தைச்சான்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “வீட்டுல ராத்திரி பூரா அழுவார்” என்றாள். “அவ்வளவு கெஞ்சியும் நான்தான் பெட்டியைத் திறக்கவே இல்லை.”